நிழலை அகற்ற ஆவன செய்யவும்

உப்போடைப் பேரூராட்சிப் பூங்காவில் நின்ற தூங்குமூஞ்சி மரத்தின் நிழல், பங்குனி மாதம் பதினோராம் தேதி செவ்வாய்க்கிழமை, காலை ஏழரை மணிக்கும் பத்தேகால் மணிக்கும் இடைப்பட்ட நேரத்தில், அலுவலக உத்தரவின்படி அகற்றப்பட்டது. மரத்துக்குச் சேதம் ஏதுமில்லை.

அகற்றியவர் மூக்காண்டி. பேரூராட்சியின் நிரந்தரப் பணியாளர், வயது ஐம்பத்தாறு. வெகு காலத்துக்கு முன்பு, அடைத்துக்கொண்ட சாக்கடையைத் தோண்டச் சொன்னபோது, அடைப்பு எங்கே இருக்கிறதோ அங்கேதானே தோண்ட வேண்டும் என்று நினைத்து, உத்தரவில் எழுதியிருந்த எல்லையைத் தாண்டி நாலடி போய், ஒரு கவுன்சிலர் வீட்டு வாசற்படியைப் பெயர்த்துவிட்டார். பதினேழு நாள் வேலைநீக்கம். அன்றிலிருந்து எழுதியதைச் செய்வார், எழுதாததைச் செய்யமாட்டார். குப்பையை அள்ளவும் என்று எழுதினால் அள்ளிக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே கொட்ட என்பதையும் எழுதி வாங்கும்வரை நிற்பார் என்று டீக்கடையில் சொல்வார்கள். அதில் பாதிக்கு மேல் உண்மை.

பூங்கா இருக்கும் இடம் முன்பு உரக்கிடங்கு. அதை மூடி மண் போட்டு, மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும்படியான செங்கல் பதித்து நடைபாதை போட்டு, மின்கம்பி ஒரு முழம்கூட உள்ளே வராமல் வெயிலைக் கொண்டே விளக்கெரியும்படி வரைபடம் போட்டவர் உதவிப் பொறியாளர் பரக்கத் நிஷா. பன்னிரண்டு கம்பங்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கருநீலத் தகடு, தகட்டின் கீழ் ஒரு பெட்டி, பெட்டியின் வயிற்றில் ஒரு சின்னப் பொட்டு. பொட்டு பச்சையாக எரிந்தால் வெயில் நிரம்பிவிட்டது, சிவப்பாக எரிந்தால் நிரம்பவில்லை. சிவப்புப் பொட்டு விளக்குகளை ஊரில் பட்டினி விளக்கு என்றார்கள். பன்னிரண்டில் ஐந்து பட்டினி கிடந்தன, ஐந்தும் மரத்தடியில்.

தவறு பரக்கத் நிஷாவுடையதுதான், அதை அவர் மறுத்ததும் இல்லை. மாசி மாதத்தில் அளவெடுத்தார்கள். மரம் இலையெல்லாம் கொட்டிவிட்டுக் குச்சியாக நின்ற இரண்டு வாரம் அது, தரையெல்லாம் வெயில். பூங்கா திறந்தது ஆவணியில். அதற்குள் மரம் தழைத்துப் பாதைமேல் கவிந்துவிட்டது. மரம் பாதையின் தெற்கு ஓரத்தில் நின்றது என்றாலும் அதற்குக் கிளையெல்லாம் வடக்கேதான். உரக்கிடங்கு காலத்தில் தெற்கே போன மின்கம்பிக்காக வருடா வருடம் கழித்துக் கழித்து அந்தப் பக்கம் மொட்டை. ஆக மரத்தின் மொத்த நிழலும் பாதைக்கும் ஐந்து கம்பங்களுக்கும் தங்கப்புஷ்பத்தின் இஸ்திரி வண்டிக்கும் சொந்தமாக இருந்தது.

தங்கப்புஷ்பம் அங்கே உரக்கிடங்கு காலத்திலிருந்து நிற்கிறாள். கரிப்பெட்டியும் சட்டைகளுமாகக் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை அந்த நிழலில் நிற்பதுதான் அவள் பிழைப்பு. அவள் வண்டியை நகர்த்தக் கூடாது என்பதற்காகவே பரக்கத் நிஷா நடைபாதையை அந்த இடத்தில் ஓர் அரைவட்டமாக வளைத்திருந்தார். ஆனால் விளக்கு கேட்டு நாற்பத்துமூன்று பெண்கள் கொடுத்த மனுவில் முதல் கையெழுத்தும் தங்கப்புஷ்பத்துடையதே. அவள் மகள் பொன்செல்வி இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போகிறாள். கம்பெனி வேன் ஆறே முக்காலுக்குப் பூங்காவின் மேற்கு வாசலில் இறக்கிவிடும், வீடு கிழக்கு வாசலுக்கு அப்பால். நடுவில் மரத்தடி இருட்டு. கார்த்திகையில் ஒருநாள் அந்த இருட்டில் யாரோ இருமிய சத்தம் கேட்டு ஓடி, வேரில் தடுக்கி விழுந்து, பொன்செல்வியின் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. இருமியவன் யார் என்று தெரியவில்லை. அடுத்த நாளும் இருமினான்.

ஈ.ஓ. என்று ஊரில் சொல்லும் செயல் அலுவலர் மனுவின் ஓரத்தில், மரத்தை என்ன செய்யலாம் என்று கேட்டு எழுதினார். மரத்தை வெட்டவும் என்று எழுதப் பரக்கத் நிஷாவுக்கு மனம் வரவில்லை. கிளையைக் கழிக்கவும் என்று எழுதினால் மிச்சமிருப்பதும் போய் மரமே மொட்டையாகும் என்று தெரியும். எதையாவது எழுதியும் ஆக வேண்டும். ஆகவே, அலுவலகத்தில் எல்லோரும் எதற்கும் எழுதுகிற வாசகத்தை எழுதினார்: ‘சூரியத் தகடுகளின்மேல் விழும் நிழலை அகற்ற ஆவன செய்யவும்.’ அப்படி எழுதினால் தாள் மேசை மேசையாகப் போய் எங்காவது படுத்துவிடும் என்பது அவர் கணக்கு. தாள் நேராக மூக்காண்டியிடம் போனது.

அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று முறை படித்தார். மரத்தை என்று இல்லை. கிளையை என்றும் இல்லை. நிழலை என்று இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை, நிழல் நீண்டு கிடந்து விளிம்பு தெளிவாகத் தெரிகிற நேரத்தில், கடப்பாரையின் தட்டை முனையை விளிம்புக்கு அடியில் கொடுத்து நெம்பினார். கல்லிலிருந்து தோசை ஓரம் எழும்புகிற மாதிரி எழும்பியது. பிறகு கையாலேயே சுருட்டினார். வெயில் ஏற ஏற நிழல் குறுகிக்கொண்டே வந்தது, அதனால் சுருட்டுவதற்கு எளிதாகவும், கனம் கூடித் தூக்குவதற்குக் கடினமாகவும் இருந்தது.

ஒன்பது மணிக்குத் தங்கப்புஷ்பம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

“என்ன அண்ணாச்சி, காலங்காத்தால சுருட்டுதீங்க?”

“நெழல்.”

“எதுக்கு?”

“அகத்தச் சொல்லி எழுத்து வந்திருக்கு. ஒம் மனுவுக்குத்தான். மொதக் கையெழுத்து நீதான போட்ட?”

“நான் வெளக்குல்லா கேட்டேன்!”

“வெளக்கு எரியும். கொஞ்சம் காலத் தூக்கு, மிதிச்சுக்கிட்டு நிக்க.”

அவள் காலைத் தூக்கினாள். கடைசித் துண்டும் வேரடியிலிருந்து விடுபட்டு வந்தது. கயிற்றால் இரண்டு கட்டுக் கட்டி, குப்பை வண்டியில் ஏற்றி, பேரூராட்சி சாமான் அறையில் பிளீச்சிங் பவுடர் மூட்டைகளுக்கும் பழைய தண்ணீர் மோட்டாருக்கும் நடுவில் சாய்த்து வைத்தார். அன்று மத்தியானமே சாமான் அறை வாசலில் மூன்று நாய்கள் படுத்துக் கண்ணயர்ந்தன.

சாயங்காலம் ஆறு நாற்பதுக்கு ஐந்து கம்பங்களிலும் விளக்கு எரிந்தது. வேனிலிருந்து இறங்கிய பெண்கள் முதலில் நின்று பார்த்தார்கள், பிறகு நடந்தார்கள், பாதி தூரத்தில் பேச ஆரம்பித்தார்கள். இருமுகிறவன் அன்றைக்கு வரவில்லை, பிறகும் வரவில்லை. வெளிச்சத்தில் இருமுவதற்கு ஒரு முகம் வேண்டியிருக்கிறது.

“எம்மா, இன்னைக்கு என் செருப்பப் பாத்துக்கிட்டே வந்தேன்,” என்றாள் பொன்செல்வி வீட்டில். “வார் அந்து போச்சும்மா. இத்தன நாளாத் தெரியவே இல்ல.”

தங்கப்புஷ்பம் சிரித்தாள். அடுத்த நாள் பதினோரு மணிக்கு, இலை அடர்ந்த மரத்தடியில் முழு வெயிலில் நின்று, கரிப்பெட்டியின் சூடு கீழேயும் பங்குனிச் சூடு மேலேயுமாக, ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு தேய்த்தாள். குடை கட்டிப் பார்த்தாள், காற்று கொண்டுபோயிற்று. ஏழாம் நாள் ஒரு போலீஸ்காரரின் சட்டை மேலேயே தலைசுற்றி விழுந்தாள். சட்டை பொசுங்கியது.

மாய்ந்து மாய்ந்து பேசிய ஊர் அதற்குள் நிழலைப் பற்றிப் பேசுவதை நிறுத்தி, அதைப் பயன்படுத்த ஆரம்பித்திருந்தது. முதலில் கேட்டவர் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை. ஆண்டு விழாவுக்குப் பந்தல் வரவில்லை, சாமான் அறையில் சும்மா கிடக்கும் நிழலைக் கொடுத்தால் பிள்ளைகளை உட்காரவைக்கலாம் என்றார். எழுதிக் கொடுத்தார், மூக்காண்டி கொண்டுபோய் விரித்தார். விரித்த இடத்தில் அது தரையோடு கிடக்கவில்லை, இரண்டு ஆள் உயரத்துக்குக் குளுமையாக எழும்பி நின்றது. அதற்குள் ஓர் அணிலின் நிழல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அணில் மரத்தில்தான் இருந்தது.

அதன்பின் இழவு வீடுகளுக்குக் கேட்டார்கள், சடங்கு வீடுகளுக்குக் கேட்டார்கள், தேரோட்டத்தன்று நேர்ச்சைத் தண்ணீர் கொடுக்குமிடத்தில் விரித்தார்கள், வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் இடம் போதாமல் தெருவில் தொழுகிறவர்களுக்கு விரித்தார்கள், கோயில் கொடைக்கும் மாதாகோயில் சப்பரத்துக்கும் ஒரே தேதியாகிப்போனபோது பாதிப் பாதியாக மடித்து இரண்டு தெருவுக்கும் பொதுவாக முச்சந்தியில் விரித்தார்கள். பழக்கவழக்கங்களும் தாமாக வந்துவிட்டன. நிழலைச் செருப்புக் காலால் மிதிக்கக் கூடாது, ஈரத்தோடு மடிக்கக் கூடாது, திருப்பித் தரும்போது உதறித் தர வேண்டும். அணிலைத் துரத்துகிற பிள்ளைகளுக்கு அடி விழுந்தது. கல்யாணப் பேச்சில், சமையலுக்கு ஆள் சொல்லியாச்சா என்பதற்கு அடுத்தபடியாக, நெழலுக்கு எழுதிக் குடுத்தாச்சா என்று கேட்டார்கள்.

தங்கப்புஷ்பமும் எழுதிக் கொடுத்தாள். முறை வந்தது; ஒரு முழுநாள் பழைய இடத்திலேயே வண்டியடியில் விரித்துக்கொண்டு நின்றாள். அன்று சாயங்காலம் ஐந்து விளக்கும் சிவப்புப் பொட்டோடு நின்றன. ஆறே முக்காலுக்கு அவள் அரிக்கேன் விளக்கோடு மேற்கு வாசலுக்குப் போய் மகளுக்காகக் காத்து நின்றாள். பிறகு எழுதிக் கொடுக்கவில்லை. காலை ஏழிலிருந்து பத்துவரை தேய்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள். பாதித் துணிதான் முடிந்தது, மீதிக்கு ஆட்கள் பஸ் நிலையக் கடைக்குப் போனார்கள்.

வைகாசி முடிவதற்குள் இரண்டு விஷயங்கள் தெரியவந்தன. நிழல் நைந்துகொண்டிருந்தது, மடிப்பு விழுந்த இடங்களில் பழைய வேட்டி மாதிரி வெளிச்சம் தெரிந்தது. இன்னொன்றைக் கண்டவர் பரக்கத் நிஷா. மாலை ஏழு மணிக்குப் பூங்காவில் தகடு துடைக்கும் வேலையைப் பார்வையிட வந்தவர், மேலே பார்த்தார். பொழுது சாய்ந்தால் இலை கூப்பிக்கொள்வதுதான் தூங்குமூஞ்சி மரத்தின் வழக்கம், பெயரே அதனால்தான். இந்த மரம் இலையை விரித்தபடியே நின்றது. எழுபது நாளாகத் தூங்கவில்லை. இலை ஓரங்கள் கருகியிருந்தன.

ஆனி மாதக் கூட்டத்தில் மன்றம் நிழலை விவாதித்தது. எட்டாம் வார்டுக்குப் பதினொரு தடவை போன நிழல் மூன்றாம் வார்டுக்கு ஒரே தடவைதான் வந்திருக்கிறது என்று மூன்றாம் வார்டு உறுப்பினர் மேசையைத் தட்டினார். மூன்றாம் வார்டில் சாவே விழவில்லையே என்றார் எட்டாம் வார்டு உறுப்பினர். அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்றார் மூன்றாம் வார்டு. கடைசியில், நிழலைப் பதினைந்தாக வெட்டி வார்டுக்கு ஒரு துண்டு சமமாகக் கொடுப்பதென்று ஒருமனதாகத் தீர்மானம் ஆயிற்று. அதற்கான உத்தரவை எழுதும் பொறுப்பு பரக்கத் நிஷாவுக்கு வந்தது.

செய்தி கேட்ட அன்றே தங்கப்புஷ்பம் அலுவலகத்துக்குப் போனாள். பொறியாளர் அறையில் ஒரே நாற்காலி, அதில் கோப்புகள் உட்கார்ந்திருந்தன.

“வெட்டிட்டா மரம் செத்துரும்லா மேடம்?”

“ரெண்டு மாசம் தாங்கும்க்கா. நான் எழுதினதுலதான் தப்பு.”

“தப்பா எழுதினது நீங்க. தப்பில்லாமச் செஞ்சது அண்ணாச்சி. நடுவுல நிக்கது நான்.”

“தகட்ட எல்லாம் கம்பத்துலேர்ந்து எடுத்து, பூங்காக் கழிப்பறை மொட்டை மாடில ஒண்ணாப் போட்டு, அங்கேர்ந்து வயர் இழுத்தாச் சரியாப் போகும். எழுதி அனுப்பியிருக்கேன். அனுமதி வர எட்டு மாசம் ஆகும்.”

“எட்டு மாசம் நெழல் இல்லாம நிக்க என்னால முடியாது. எட்டு மாசம் வெளக்கு இல்லாம எம் மக வர முடியாது.” தங்கப்புஷ்பம் கோப்புகளைத் தூக்கி மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். “எனக்கு ரெண்டும் வேணும். என்னமும் எழுதுங்க.”

பரக்கத் நிஷா வெகுநேரம் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். பிறகு, அலுவலகத்தில் சேர்ந்து ஆறு வருடத்தில் முதல்முறையாக, ஆவன என்ற சொல் இல்லாமல் ஓர் உத்தரவு எழுதினார்: ‘சமமாகப் பிரிப்பதற்கு முன் அளவெடுக்க வேண்டியிருப்பதால், நிழலை ஆனி ஐந்தாம் தேதி காலை பத்து மணிக்கு அதன் மரத்தடியில் முழுவதுமாக விரிக்கவும்.’ செயல் அலுவலர் தேதியை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஐந்தாம் தேதி மூக்காண்டி நிழலை வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். உறுப்பினர்கள் பதினொரு மணிக்கு மேல்தான் வருவார்கள். அங்கே இருந்தது பரக்கத் நிஷா, தங்கப்புஷ்பம், அளவு நாடா. மூக்காண்டி கட்டை அவிழ்த்து, தலைமாட்டை வேரடியில் வைத்து, வடக்கே பாதைப் பக்கம் உருட்டிவிடக் குனிந்தார்.

“அந்தப் பக்கம் வேண்டாம் அண்ணாச்சி,” என்றாள் தங்கப்புஷ்பம். “தெக்க உருட்டுங்க.”

மூக்காண்டி நிமிர்ந்து, பையிலிருந்து உத்தரவை எடுத்து, கண்ணாடி போட்டுப் படித்தார்.

“தெக்கன்னு இதுல இல்லையே.”

“வடக்கன்னு இருக்கா?”

மறுபடி படித்தார். “இல்ல.”

“பொறகு?”

“தெக்க கெளையே இல்லியே, புள்ள. கெளை ஒரு பக்கம் நெழல் ஒரு பக்கமா எங்கயாச்சும் விழுமா?”

“சுருட்டி எடுத்துக்கிட்டுப் போகும்போது மட்டும் இப்பிடி எங்கயாச்சும் நடந்துச்சான்னு கேட்டீகளா?”

மூக்காண்டி பொறியாளரைப் பார்த்தார். எழுதித் தாருங்கள் என்று கேட்பதற்கு வாயைத் திறந்தார். எழுதித் தந்தால் இந்த அம்மாள் வேலை போகும் என்பது அவருக்கும் தெரிந்தது. பரக்கத் நிஷா நாடாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு வேறெங்கோ பார்த்தார்; அவர் கன்னத்தில் வியர்வை இறங்கியது. தெற்கே, சுற்றுச்சுவருக்கும் மரத்துக்கும் நடுவில், எருக்கஞ்செடியும் உடைந்த ஊஞ்சலுமாக யாரும் போகாத இடம் வெயிலில் கிடந்தது.

“ஒரு பக்கம் பிடி,” என்றார் மூக்காண்டி.

இருவருமாகத் திருப்பினார்கள். காலால் ஒரு தள்ளுத் தள்ளியதும் நிழல் தெற்கே உருண்டு விரிந்தது, எருக்கஞ்செடியை மூடியது, ஊஞ்சலை மூடியது, சுவரில் ஏறி அரைச்சுவர் உயரத்தில் நின்றது. வேரடியில் சொத்தென்று ஒரு சத்தம் கேட்டது, ஈரத்துணி கல்லில் படுகிற சத்தம். மரம் முழுக்க ஒரு முறை சிலிர்த்தது. பிறகு, பட்டப்பகல் பத்தரை மணிக்கு, அத்தனை இலைகளும் கூப்பிக்கொண்டன.

பதினொன்றரைக்கு உறுப்பினர்கள் கத்திரியும் சுண்ணாம்புக் கோடு போடும் ஆளுமாக வந்தபோது நிழலின் விளிம்பைக் கண்டுபிடிக்க முடியவில்லை. கடப்பாரை கொடுத்துப் பார்த்தார்கள், மண் வந்தது. எட்டாம் வார்டு உறுப்பினர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். மரம் அன்று முழுநாளும் தூங்கி, மறுநாளும் தூங்கி, மூன்றாம் நாள் காலையில் இலை விரித்தது. நிழல் தெற்கேயே இருந்தது. காலையில் கொஞ்சம் நீண்டது, மத்தியானம் குறுகியது, மற்ற நிழல்களைப் போல வெயிலுக்குத் தக்கபடி நடந்துகொண்டது, பக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. மடிப்பு விழுந்த இடங்களில் காசு காசாக வெயில் இறங்கியது. வடக்கே கவிந்த கிளைகளின் அடியில், ஐந்து தகடுகளும் வெயில் குடித்தன.

தங்கப்புஷ்பம் எருக்கை வெட்டி, ஊஞ்சலை ஓரம் தள்ளி, வண்டியைத் தெற்கே கொண்டுபோனாள். பாதையிலிருந்து நாற்பது எட்டு உள்ளே. வழியில் போகிறவர் கண்ணில் படாது. முதல் இரண்டு வாரம் குறைவாகத்தான் துணி வந்தது. நாற்பது எட்டு நடந்து வந்தவர்கள் நிழலில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத்தான் போனார்கள்.

மூக்காண்டிக்கு நோட்டீஸ் வந்தது: ‘அளவெடுக்கும்பொருட்டு விரிக்கச் சொன்ன நிழலை, எவருடைய உத்தரவின்பேரில் தெற்குத் திசையில் விரித்தீர் என்பதற்கு நேரில் விளக்கம் அளிக்கவும்.’ விசாரணை நாளன்று காலை ஒன்பதரைக்கு, பனியனோடு, காக்கிச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நாற்பது எட்டு நடந்து வந்தார்.

“பதினொரு மணிக்குப் போகணும். சீக்கிரம்.”

அவள் தண்ணீர் தெளித்து, பெட்டியை வைத்தாள். சட்டையிலிருந்து ஆவி எழும்பியது.

“எம் பேரச் சொல்லிருங்க அண்ணாச்சி. தங்கப்புஷ்பந்தான் சொன்னான்னு சொல்லிருங்க.”

“நீ என்ன, ஈ.ஓ.வா?”

“வேலைக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?”

“ஆவும், ஆவாது. யாரு கண்டா?”

“அப்பம் என்னதான் சொல்லப் போறீங்க?”

“எழுத்துல இல்ல, சரின்னு பட்டுச்சு, செஞ்சேன்னு சொல்லப் போறேன்.” காலரைச் சுட்டிக் காட்டினார். “காலர நல்லா அமுத்தித் தேயி. போன தடவை விசாரணைக்கு அது நட்டுக்கிட்டு நின்னுச்சு.”

அவள் காலரை இரண்டு முறை தேய்த்து, சூடு ஆறுமுன் கொடுத்தாள். மூக்காண்டி அங்கேயே போட்டுக்கொண்டு, பித்தான்களை மேலிருந்து கீழ்வரை மாட்டி, நிழலைவிட்டு வெளியே வந்து, தழைத்த கிளைகளின் அடியில், முழு வெயிலில், அலுவலகத்தைப் பார்த்து நடந்தார்.